பழனியாண்டியின் முதல் இலை

பழனியாண்டியை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு பிளாஸ்டிக் கதிரையை உடைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்று அல்ல. எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு விழாவுக்குச் சமைக்க வந்தவர், களைத்துப்போய் உட்கார்ந்தார். கதிரை நான்கு கால்களையும் நான்கு பக்கம் நீட்டிவிட்டது. நாங்கள் பதறிக்கொண்டு ஓடினோம். தரையில் கிடந்தபடியே அவர், "என்ன விடுங்க டீச்சரம்மா, அடுப்புல பாயாசம் அடி புடிக்குது, மொதல்ல அத பாருங்க" என்றார்.

அது நடந்து பதினைந்து வருடம். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் கிடைத்து, இரண்டு வருடத்தில் மாற்றம் வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று கேகாலைக்கு வந்தவள் நான். ஓடாமல் நின்றதற்குப் பிள்ளைகள்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்வேன். பாதி உண்மை. மீதிப் பாதி பழனியாண்டியின் பிஞ்சுப் பலாக்காய்க் கறி. பொலோஸ் என்று சிங்களத்தில் சொல்வார்கள், தோட்டத்திலும் அதே பெயர்தான். அந்தக் கறியைத் தின்றுவிட்டு மாற்றத்துக்கு விண்ணப்பம் எழுத எனக்குக் கை வரவில்லை.

அவருக்கு வேலை ரப்பர் ஸ்டோரில், ஷீட்டுகளுக்குப் புகை போடுவது. ஆனால் ரம்புக்கனையிலிருந்து கித்துல்கலை வரைக்கும் தோட்டங்களில் அவரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் கல்யாணச் சமையற்காரர். ஐந்நூறு பேருக்கு என்றாலும் ஒற்றை ஆளாக உப்புப் பார்த்து இறக்குவார். பக்கத்தில் நிற்பது மனைவி புஷ்பம் மட்டும்தான்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டி முடிந்ததும் பந்திக்கு முன்னால் ஒரே ஒரு தலைவாழை இலை போடுவார்கள். அதற்குப் பெயர் முதல் இலை. அதில் சமையற்காரர் உட்கார்ந்து, தான் சமைத்த எல்லாவற்றையும் சபைக்கு முன்னால் சாப்பிட வேண்டும். இலை காலியான பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. எந்தக் காலத்தில் எந்தச் சமையற்காரன் யாருக்கு என்ன கலந்து கொடுத்தானோ, எனக்குத் தெரியாது.

நூற்று நாற்பத்தாறு கிலோ பழனியாண்டி முதல் இலையில் உட்காருவது ஒரு காட்சி. சோற்று மலையை நடுவில் உடைத்து, பருப்பை ஊற்றி, அப்பளத்தை நொறுக்கி, பத்து நிமிடத்தில் இலையைத் துடைத்து வைத்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு வாயில் நீர் ஊறும். கல்யாணத்துக்கு ஆள் பிடிக்க அவருக்கு வேறு விளம்பரமே வேண்டியிருக்கவில்லை.

அந்த உடம்புதான் ஒரு நாள் அவரைக் காலை வாரியது. மேல் டிவிசனில் ஒரு கல்யாணம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏற நூற்று அறுபது படி. முப்பதாவது படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவரை நான்கு பேர் ஒரு கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். "மாப்பிள்ளைக்குக்கூட பல்லக்கு இல்ல, சமையக்காரருக்கு பல்லக்கு" என்று சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். சமைத்தும் முடித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுததை அடுத்த நாள் புஷ்பம்தான் என்னிடம் சொன்னாள்.

சர்க்கரைக்கு இன்சுலின், பிரஷருக்கு மூன்று குளிசை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. கிளினிக்கில் டாக்டர் இப்படியே போனால் ஐந்து வருடம் என்று சொல்லி, கொழும்புக்குக் கடிதம் கொடுத்தார். எட்டு மாதம் அலைந்து, அதற்குள்ளேயே ஒன்பது கிலோவைக் குறைத்துக் காட்டிய பிறகுதான் சத்திரசிகிச்சைக்குத் தேதி கிடைத்தது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழ அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் சிங்களம், மறு பக்கம் ஆங்கிலம். சிங்களம் அவர் தண்ணீராகப் பேசுவார், எழுத்துத்தான் தகராறு. நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி, அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். முதல் இரண்டு கிழமை நீராகாரம் மட்டும். பிறகு அரைத்தது, பிறகு குழைந்தது. ஒரு வாயை முப்பது தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும். முட்டை, மீன், பருப்பு முதலில், சோறு கடைசியில். விற்றமின் குளிசை உயிர் உள்ளவரைக்கும்.

வெட்டி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் சனம் நினைக்கிறது. வேலை அன்றைக்குத்தான் தொடங்குகிறது. மூன்று கரண்டி பருப்புத் தண்ணீரோடு அவர் போதும் என்று கையைக் காட்டியபோது புஷ்பம் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். முப்பது வருடமாகச் சட்டி நிறையப் பொங்கிப் போட்ட கை. நான்காம் மாதம் தலைமயிர் கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வயிற்றுத் தோல் தொங்கியது. நல்ல வெயிலிலும் குளிர்கிறது என்று சுவெட்டர் போட்டுக்கொண்டு ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் காம்பராவுக்குள் போய் நின்றார். ஒரு நாள் யாரோ கொடுத்த வெறுந்தேநீரோடு ஆசைக்கு ஒரு துண்டு கித்துல் பனைக் கருப்பட்டியைக் கடித்துவிட்டார். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, தலை சுற்றி வாசலில் படுத்துவிட்டார். இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் இப்படித்தான் ஆகுமாம். சுவரில் எழுதித்தான் இருந்தது. அதற்குப் பிறகு கருப்பட்டியைக் கண்டாலே பாம்பைக் கண்டதுபோல் விலகி நடப்பார்.

நல்லதும் நடந்தது. இன்சுலின் ஊசி நின்றது. பிரஷர்க் குளிசை மூன்று ஒன்றாகியது. லயத்துக்கே பொதுவாக இருந்த குறட்டை நின்றுபோய், ஆள் இருக்கிறாரா என்று பயந்து புஷ்பம் தட்டி எழுப்பிப் பார்த்தாள். ஏழாம் மாதம் அவர் தொண்ணூற்றெட்டு கிலோ. மகள் சுமித்ராவோடு கேகாலைப் பஸ்ஸில் போய், இரண்டு பேர் இருக்கும் சீட்டில் இரண்டு பேராக உட்கார்ந்து வந்ததை என் வீட்டுக்கு நடந்து வந்து சொன்னார். அவர் நடந்து வந்ததே எனக்குப் பெரிய செய்தி.

அந்த ஏழாம் மாதத்தில்தான் எல்லாம் கெட்டது.

பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம். சமையல் அருமை. முதல் இலை போட்டார்கள். "என்னா பழனியாண்டி, பாதி ஆளாயிட்டீங்க, என்ன சீக்கு?" என்று சுற்றி நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். மனிதருக்கு மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பழைய பழனியாண்டியைக் காட்டுகிறேன் பார் என்று சோற்றை உடைத்துப் பருப்பை ஊற்றி அள்ளி அள்ளி வைத்திருக்கிறார். ஏழாவது வாயில் நெஞ்சுக்குள் கல் வைத்ததுபோல் அடைத்தது. எழுந்து ஓடினார். மண்டபத்தின் பின்பக்கம் போவதற்குள், வாசலிலேயே, சபைக்கு முன்னால் வாந்தி.

சமைத்தவனே தன் சோற்றைத் தின்று வாந்தி எடுத்தால் யார் கை வைப்பார்கள்? முந்நூறு பேர் எழுந்து போய்விட்டார்கள். கிடாரம் கிடாரமாகச் சோற்றைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பழனியாண்டி சோறு விஷம் என்றார்கள். அவருக்கு ஒட்டுகிற வியாதி என்றார்கள். ஒரு மாதத்துக்குள் பேசி வைத்திருந்த ஆறு கல்யாணமும் கேட்டரிங்காரர்களுக்குப் போனது.

நான் அவர் வீட்டுக்குப் போய் வாயில் வந்தபடி பேசினேன். "உங்களுக்கு என்ன விசரே? சுவரில நான் எழுதி ஒட்டினது என்ன, அழகுக்கே? தையல் பிரிஞ்சிருந்தா என்ன செய்திருப்பியள்?"

"முதல் இலையில உக்காந்துட்டு மூணு வாயோட எந்திரிச்சா சனம் என்ன நெனைக்கும் டீச்சரம்மா?"

"இப்ப மட்டும் நல்லா நினைக்குதோ?"

அவர் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "எளச்சதுக்கு சந்தோஷப்படுறதா, தொழில் போனதுக்கு அழுவுறதா, ஒண்ணும் வெளங்குதில்ல" என்றார். திட்டியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே சின்னச் சட்டியில் கல்யாணச் சமையல். முன்பெல்லாம் ருசி பார்க்கிறேன் என்று கரண்டி கரண்டியாக அள்ளி, பந்தி தொடங்கும் முன்னமே மூன்று ஆள் சாப்பாட்டை முடித்துவிடுவார். இப்போது இருமல் பாணி மருந்துக்குக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் கரண்டியில் கால் கரண்டி எடுத்து, நாக்கில் வைத்து, கண்ணை மூடி நிற்பார். "மல்லி ஒரு சிட்டிக கூட" என்பார். எனக்கு ஒரு பங்கு வரும். பொய் சொல்லவில்லை, கறி முன்னைவிட நன்றாக இருந்தது. இனிப்பை மட்டும் அவர் தொடமாட்டார். பாயாசத்தின் ருசிக்கு முழுப் பொறுப்பும் புஷ்பத்தின் நாக்குத்தான்.

சுமித்ராவுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள். பையன் கிருஷாந்த், கித்துல்கலையில் வெள்ளைக்காரர்களை ரப்பர் படகில் ஏற்றி ஆற்றில் இறக்கும் வேலை. இரண்டு பேருக்கும் முன்பே பழக்கம் என்பதால் பேச்சு இலகுவாக நடந்தது. பையனின் அப்பா ராமச்சந்திரன் லொறி ஓட்டி ஓய்ந்தவர். மெதுவாகப் பேசினாலே எதிர்மலையில் கேட்கும். எல்லாம் பேசி முடித்துவிட்டு, "சமையல மட்டும் டவுன்ல குடுத்துருவோம் சம்பந்தி. தப்பா நெனைக்காதீங்க. நடந்தத எல்லாரும் பேசுறாங்க" என்றார்.

பழனியாண்டியின் முகம் கறுத்தது. நானும் அங்கேதான் இருந்தேன். எழுந்து போய்விடுவாரோ என்று நினைத்தேன்.

"ஊர்ல நானூறு கல்யாணத்துக்கு சமைச்சிருக்கேன்" என்றார். "என் மக கல்யாணத்துக்கு வேற ஒருத்தன் கரண்டி புடிச்சா, நான் இனி எந்த அடுப்பு முன்னாலயும் நிக்க மாட்டேன். மக கழுத்துல தாலி ஏறுற அன்னைக்கி நான் மண்டபத்துல சும்மா நிக்கிற மனுசன் இல்லீங்க."

ராமச்சந்திரன் யோசித்தார். "சரி, சமைங்க. ஆனா முதல் இலையில எங்க ஆளுங்க முன்னால நீங்க உக்காரணும். இல காலியாகணும். ஒரு சோத்துப் பருக்கை மிஞ்சினாலும் எங்க சனம் எந்திரிச்சிரும். அப்புறம் நான் ஒண்ணும் செய்ய ஏலாது."

"ஹரி" என்று சிங்களத்திலேயே ஒத்துக்கொண்டார் பழனியாண்டி.

அந்த மாதம் கொழும்பு கிளினிக்குக்குப் போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டிருக்கிறார், எவ்வளவு சாப்பிடலாம் என்று. ஒரு தேநீர்க் கோப்பை அளவு, அரை மணி நேரம் எடுத்து, அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைவாழை இலையில் விழும் சோறு மட்டுமே நான்கு கோப்பை. "என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டால், "பாத்துக்கலாம் டீச்சரம்மா" என்பார். போன தடவை, வாந்தி எடுத்த அந்தக் கல்யாணத்துக்குப் போகும்போதும் இதையேதான் சொன்னார்.

கல்யாண நாள் காலை, கோயில் மண்டபத்தில் அறுநூறு பேர். சத்திரசிகிச்சை முடிந்து பதினான்கு மாதம். அவர் எண்பத்தொன்பது கிலோ. பின்பக்கம் கிடாரங்களுக்கு நடுவில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே மூச்சு வாங்கியது. பத்துக் கறியும் பாயாசமும் நேரத்துக்கு இறங்கின. தாலி கட்டும் நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகளுக்கு அட்சதை போட்டார்.

பிறகு முதல் இலை விரிந்தது. கித்துல்கலைச் சனம் முன்வரிசைக்கு நெருக்கிக்கொண்டு வந்தது. சாப்பாட்டுக்கு வந்த கூட்டமாகத் தெரியவில்லை, வழக்குப் பார்க்க வந்த கூட்டமாகத் தெரிந்தது. இலையில் சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, பத்துக் கறியும் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்தன. பழனியாண்டி உட்காரவில்லை. ஐயரிடமிருந்த மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன வருசம் நான் வாந்தி எடுத்த கத உங்களுக்கு தெரியும். ஏன் எடுத்தேன்னு தெரியாது. டாக்டருங்க என் வயித்துல முக்காவாசிய வெட்டி எடுத்துட்டாங்க. இது சீக்கு இல்ல. சீக்குக்கு செஞ்ச வைத்தியம். அன்னைக்கி சோத்துல குத்தம் இல்ல, என் ரோஷத்துல தான் குத்தம். சொல்ல வெக்கப்பட்டு பழையபடி அள்ளித் தின்னேன். இன்னைக்கி வெக்கம் இல்ல. இந்த எலையில எல்லாத்துலயும் நான் ஒரு கரண்டி சாப்புடுவேன். அவ்வளவுதான் என் வயிறு. மிச்சத்த என்கூட சமைச்சவ சாப்புடுவா. புஷ்பம், இங்க வா."

புஷ்பம் கையில் அகப்பையோடு தூண் பக்கத்தில் நின்றாள். அசையவில்லை.

"பொம்பளைங்க முதல் இலையில உக்காந்ததில்லையே சம்பந்தி" என்றார் ராமச்சந்திரன்.

"சமைச்சவன் உக்காரணும்கிறது தானே வழக்கம்? முப்பது வருசமா என்கூட சமைச்சவ இவ. அந்தப் பாயாசத்துல ஒரு சொட்டு என் நாக்குல படல. சீனி, முந்திரி, எல்லாம் இவ பாத்த பதம். இவ சாப்பிடாம அத யாரு நம்புவா?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இருங்கோ புஷ்பம்! என்னத்தப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்று கத்திவிட்டேன். டீச்சர் கத்தினால் இந்தத் தோட்டத்தில் பெரியவர்களும் உட்காருவார்கள். புஷ்பம் அகப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, புருஷனுக்குப் பக்கத்தில் அதே இலையின் முன்னால் உட்கார்ந்தாள்.

பழனியாண்டி சட்டைப்பையிலிருந்து மருந்துக் கரண்டியை எடுத்தார். பருப்பில் ஒரு கரண்டி. மென்றார். என் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் குந்தியிருந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணத் தொடங்கிவிட்டார்கள். முப்பது வரைக்கும் எண்ணி முடித்துக் கை தட்டினார்கள். அடுத்தது பொலோஸ். மறுபடியும் முப்பது. சனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலாக்காயில் அவர் வறுத்துப் போட்ட மிளகும் கறுவாப்பட்டையும் மண்டபம் முழுக்க மணந்துகொண்டிருந்தன. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத அறுநூறு வயிறுகள். நான்காவது கரண்டிக்கு ராமச்சந்திரனால் தாங்க முடியவில்லை.

"இந்த மனுசன் மென்னு முடிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்கு பேரப்புள்ள பொறந்துரும். எலைய போடுங்கப்பா!" என்று கத்திவிட்டுத் தானே பாயில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கித்துல்கலையே உட்கார்ந்தது. பொலோஸ் அவர் மூன்று தரம் வாங்கினார். நானே பரிமாறினேன், எனக்குக் கணக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் பழனியாண்டி இலையில் இருந்த எல்லாவற்றிலும் ஒரு கரண்டி முடித்துக் கரண்டியைக் கவிழ்த்தார். ஓடவில்லை. வியர்க்கவில்லை. நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். நூற்று நாற்பத்தாறு கிலோவில்கூட அவர் அவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்ததில்லை. பக்கத்துப் பந்தியிலிருந்து ராமச்சந்திரன், "சம்பந்தி, ஆவணியில எங்க தங்கச்சி மக கல்யாணம் இருக்கு, வேற எங்கயும் ஒத்துக்கிறாதீங்க" என்று சத்தம் போட்டார்.

இலையில் இன்னும் சோறு இருந்தது. புஷ்பம் அவசரப்படவில்லை. எத்தனையோ கல்யாணத்தில், எல்லோரும் போன பிறகு, கிடாரத்தின் அடியில் ஒட்டியதை நின்றபடி வழித்துச் சாப்பிட்டவள். அறுநூறு பேருக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார்ந்து, பருப்பில் பிசைந்து, அப்பளத்தை நொறுக்கி, ஒவ்வொரு கறியாகத் தொட்டு, அடிக்கொரு தரம் புருஷனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி வாயில் போட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். பாயாசம் வந்தது. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். இலையை மடிக்கப் பழனியாண்டி கை வைத்தபோது அவள் தடுத்தாள்.

"இருங்க, இன்னொரு டம்ளர் ஊத்துங்க" என்றாள்.

பழனியாண்டி எழுந்து போய் எடுத்துவந்து ஊற்றினார்.